ஆளுக்கு ஒரு கோடு

ரங்கூனில் மருந்து வாங்க வருகிறவன் கையை வீசிக்கொண்டு வருகிறான். நான் இங்கே கம்பவுண்டராக வந்து ஆறு வருஷமாகிறது, இன்னும் இது எனக்குப் பழகவில்லை. கடையே புட்டி தருமாம், தக்கை தருமாம், மேலே காகிதம் சுற்றி நூலும் கட்டித் தருமாம். நம் ராயபுரத்தில் புட்டி இல்லாமல் டிஸ்பென்சரிப் படியேறினால் உள்ளங்கையிலா ஊற்றுவது? சாராயப் புட்டி, தலைக்கு எண்ணெய் வைத்திருந்த புட்டி என்று எதையாவது கழுவியும் கழுவாமலும் கொண்டுவருவார்கள். மோந்து பார்த்தே வீட்டு நிலவரத்தை நான் சொல்லிவிடுவேன். இங்கே புட்டிக்கு வாடையே கிடையாது. வந்தவன் எப்படிப்பட்டவன் என்று ஒரு எழவும் தெரிவதில்லை.

முதலாளி ஸ்காட்லாந்துத் துரை. ஊருக்குப் போக லீவு கேட்டேன். "உன் இடத்தில் நிற்க ஒருவனைப் பிடித்துக் கொடு, போ" என்றார். அந்தச் சமயம் பல்கலைக்கழகத்தில் மருந்து கலக்கும் தொழிலைப் பற்றி மாணவர்களிடம் பேச ஆள் கேட்டிருந்தார்கள். அங்கேயே ஒருவனைப் பிடித்துக்கொள் என்று தூண்டிலோடு என்னை அனுப்பினார். எனக்கோ லீவு அவசரம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தோஸ்து ஒருவன் கப்பலேறி வந்தபோது அம்மா சொல்லியனுப்பியதைச் சொல்லியிருந்தான்: "கண்ணு மங்கிகினே வருதாம். முழுசா போறதுக்குள்ள வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போவச் சொல்லுச்சு." அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றேன். எதிரே இருந்தவர்களில் பாதிப்பேர் வக்கீலாகப் போகிறவர்கள், மீதிப்பேர் தூங்கப் போகிறவர்கள். ஒருவன் எழுந்து, "டாக்டர் எழுதுவதைத்தானே கலக்குகிறீர்கள்? நீங்கள் அவருக்குச் சமையல்காரரா?" என்றான். "ஆமாம். சோற்றில் உப்புக் கூடினால் தின்றவன் திட்டுவான். இங்கே கூடினால் திட்டுவதற்கு அவன் இருக்கமாட்டான்" என்றேன். சிரிப்பார்கள் என்று பார்த்தால், பாடமென்று நினைத்துக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். இது வேலைக்காகாது என்று, எழுதி வைத்திருந்த இங்கிலீஷ் பேச்சை மடித்துப் பையில் போட்டுவிட்டு, வாய்க்கு வந்த இங்கிலீஷில் அந்தோணியம்மாளின் கதையை எடுத்துவிட்டேன்.

அந்தோணியம்மாள் ராயபுரத்தில் மீன் விற்பவள். புருஷனுக்கு விடாத இருமல். அந்தக் காலத்தில் காகிதப் பட்டையில் கோடு போட்டுப் புட்டிமேல் ஒட்டுவோம். ஒரு கோடு ஒரு வேளை மருந்து. ஆறு கோடு, இரண்டு நாளைக்கு. மறுநாள் காலையிலேயே காலிப் புட்டியோடு வந்து நிற்கிறாள்.

"இன்னாம்மா, அதுக்குள்ள தீந்துட்சா?"

"வூட்ல ஆறு பேரு கீறோம் நைனா. நீயும் கரீட்டா ஆறு கோடு போட்டுக் குட்த்த. ஆளுக்கு ஒரு கோடு."

"இருமுறவரு ஒருத்தர்தானே?"

"அவருக்கு மட்டும் ஊத்திட்டு, மத்ததுங்க வாயப் பாத்துகினு நிக்கணுமா? பாவமில்ல?"

"சரி, அவருக்கு இருமல் எப்டி கீது?"

"அது அப்டியேதான் கீது. நாங்க அஞ்சு பேரும் சோக்கா கீறோம்."

அவளோடு வாதாட நம்மாலாகுமா? ஆறு பேரையும் காலையும் மாலையும் டிஸ்பென்சரிக்கு வரச் சொன்னேன். புருஷனுக்கு மருந்தை நானே வாயில் ஊற்றினேன். மற்ற ஐந்து பேருக்கும் சிவப்புச் சாயம் போட்ட சர்க்கரைப் பாகு. நாளடைவில் இருமல் அடங்கியது, வீட்டில் சண்டையும் வரவில்லை. "கலக்குவது பாதி வேலை, அது யார் தொண்டையில் இறங்குகிறது என்று பார்ப்பது மீதி" என்று முடித்தேன். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மாங் தின் என்ற பர்மியப் பையன் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அவன் கடைக்கு வந்தான். "உங்கள் தொழிலுக்கு வர முடிவு செய்துவிட்டேன்" என்றான். என் மனசு அப்போதே கப்பலேறிக் காசிமேட்டு மீன்வாடை வரைக்கும் போய்விட்டது.

"என்றைக்கு வருகிறாய் தம்பி?"

"வியாழக்கிழமை கப்பல்."

"கப்பல் எதற்கு?"

"சென்னைக்குப் போய்ப் படிக்கப் போகிறேன். நீங்கள் சொன்ன வேலை உங்கள் ஊரில்தானே இருக்கிறது? இந்தக் கடையில் என்ன இருக்கிறது, ஐயா?"

அடப்பாவி. கேட்டுக்கொண்டிருந்த துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரொம்ப நன்றாகத்தான் பேசியிருக்கிறாய்" என்று என் தோளைத் தட்டிவிட்டு, லீவு கிடையாது என்றார். வாயால் கெட்ட தவளைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

வியாழக்கிழமை துறைக்குப் போய் அவனிடம் ஒரு காலிப் புட்டியைக் கொடுத்தேன். "எங்கள் ஊரில் கையை வீசிக்கொண்டு போகக்கூடாது" என்றேன். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்துக்கு வழி சொன்னேன். "அம்மா பக்கத்தில் கூப்பிட்டு முகத்தைத் தடவிப் பார்ப்பாள். வந்திருப்பது நான் இல்லை என்று சட்டென்று காட்டிக்கொடுத்துவிடாதே. கொஞ்ச நேரம் சும்மா நில்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு தலையாட்டினான். அவன்மேல் வயிறெரிந்தது, அழுகையும் வந்தது. கப்பல் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நின்றுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன், ரங்கூன்காரனைப் போலக் கையை வீசிக்கொண்டு.