தேள் பூச்சியில்லை என்று ஆன வாரம்

செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் கலீலுல்லா பாய்க்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்கு இரண்டு வீடு இருப்பதாக ஊர் சொல்லும். ஒன்றுதான் என்று அவர் சொல்லுவார். பதினெட்டுத் தேளும் ஒரு ராணியும் இருப்பது மட்டும் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயம்.

தேள் என்றால் அட்டைத் தேள். மாயவனம் என்று ஓர் ஆட்டம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பிராணியின் படம் இருக்கும், கீழே அதன் இனமும் பலமும் அச்சடித்திருக்கும். வாங்கியும் மாற்றிக்கொண்டும் சேர்த்ததில் நாற்பதை அடுக்கி எதிராளியோடு மோதவிட வேண்டும். ஆளுக்கு இருபது உயிர்; தடுக்காமல் விட்ட அடியின் பலம் எத்தனையோ அத்தனை உயிர் குறையும், தீர்ந்தால் தோல்வி. ஞாயிறுதோறும் சூரமங்கலத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். எல்லாம் இளவட்டம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஆடுகிறவர் பாய் ஒருவர்தான்.

அவருடைய பெருமை, ராணித்தேள் என்கிற மினுமினு அட்டை. அது களத்தில் இருந்தால் அவர் பக்கத்துப் பூச்சிகளுக்கெல்லாம் இரண்டு பலம் கூடும். தேள்கள் பூச்சி இனம். ஆகவே ராணி வந்தால் பதினெட்டுக்கும் கொண்டாட்டம். இருந்தும் ஆறு வருஷமாக ஆண்டுப் போட்டியில் அவர் ஜெயித்ததில்லை. காரணம் சத்யபிரியா. மோகனூரில் விவசாயக் குடும்பம், சேலத்தில் பாங்க் வேலை. இவருக்காகவே 'பூச்சி மருந்து' என்றோர் அட்டை வைத்திருப்பாள். அதைப் போட்டால் களத்திலுள்ள பூச்சியெல்லாம் காலி, ராணியும் சேர்த்து.

இந்த வருஷம் பாயின் சம்சாரம் அஜீஸா முடிவாகச் சொல்லிவிட்டார். ஜெயித்துக் கோயம்புத்தூர் போட்டிக்குப் போனால் சரி. இல்லாவிட்டால் தேள் பெட்டி பரணுக்கு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு. பாய் தலையாட்டினார். நான் பக்கத்துக் கடைக்காரன். காதில் விழுந்தது தற்செயல்.

போட்டிக்கு நாலு நாள் முன்னால் கம்பெனி புதுப் பட்டியல் விட்டது. எட்டுக் கால் உள்ளது பூச்சியாகாது, தேள் இனிமேல் தனி இனம். அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் பட்டியலில் இருப்பதே செல்லும். ராணியின் வரம் மட்டும் பழையபடி பூச்சிகளுக்குத்தான். ராணி ஒரு பக்கம், குடிமக்கள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

வேறு யாராவது என்றால் அட்டைகளை மாற்றியிருப்பார்கள். பாய்க்குத் தேளைக் கைவிட மனசில்லை. அதோடு மண்டிப் பழக்கம் வேறு. மூட்டைக்குள் ரகம் மாறினால், பழைய சீட்டின் மேல் புதுச் சீட்டு ஒட்டாமல் அவர் கடையிலிருந்து மூட்டை நகராது. அதே நாணயத்தோடு சனிக்கிழமை மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்து, 'தேள்' என்று எழுதிய துண்டுச் சீட்டுகளைப் பதினெட்டு அட்டையிலும் மைதாப் பசை தடவி ஒட்டினார். ராணியின் வழவழப்பில் பசை பிடிக்கவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். கடையை யார் பார்த்தது என்று கேட்க வேண்டாம். நடுவர் சிவக்குமார், ரயில்வேயில் கிளார்க். பாயின் அட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அடுத்து எந்த அட்டை வருதுன்னு வெரல்லயே தெரியுதுங்க பாய். இத வெச்சு ஆட முடியாதுங்க."

"உண்மையத்தானப்பா எழுதி ஒட்டியிருக்கேன்."

"உண்மை தடிமனா இருக்குதுங்க."

பதினெட்டும் வெளியே போனது. வேறு அட்டை சேர்க்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். பாயின் பையில், யாருக்காவது சும்மா கொடுத்துவிடலாம் என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த எறும்பும் சாணி வண்டும் வெட்டுக்கிளியும்தான் இருந்தன. ஒருத்தரும் மதிக்காத அட்டைகள். ஆனால் ஆறு கால், அசல் பூச்சி. வேறு வழியில்லாமல் அவற்றை அடுக்கினார். ராணி இறங்கியதும் சாணி வண்டெல்லாம் பயில்வான் ஆனது. இரண்டு ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டத்தில் சத்யபிரியாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

அரை மணியில் அவளுக்கு மூன்று உயிர்தான் பாக்கி. பாய் பக்கம் ஏழெட்டுப் பூச்சி, நடுவில் ராணி. அவள் பக்கம் தடுக்க ஒரு பிராணி இல்லை. அவள் நிதானமாகப் பூச்சி மருந்தை எடுத்து வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க பாய். வருசா வருசம் அடிக்கற மருந்துதானுங்களே."

பாய் எறும்பு, வண்டு என்று பொறுக்க ஆரம்பித்தார். ஆறு வருஷப் பழக்கம், கை தன்னால் ராணிக்கும் போனது.

"அத ஏனுங்க எடுக்கறீங்க?" என்றார் சிவக்குமார். "அது பூச்சி இல்லீங்க. தேளுங்க."

சத்யபிரியா அட்டையை எட்டிப் பார்த்தாள். பூச்சி என்றுதான் அச்சடித்திருந்தது. செல்போனில் பட்டியலைத் தேடி இரண்டு தரம் படித்தாள். தேள்களுக்கு வரம் போயிற்று என்று நாலு நாளாகச் சந்தோஷத்தில் இருந்தவள், ராணியும் தேள்தான் என்பதை யோசிக்கவே இல்லையாம். பிறகு அவளே சொல்லிச் சிரித்தாள்.

ராணிக்கு மூன்று பலம். அவளுக்கு மூன்று உயிர். பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"கொட்டட்டுமா அம்மிணி?"

"எந்தத் தேளுங்க பாய் கேட்டுட்டுக் கொட்டுது? கொட்டுங்க."

கீழே இறங்கி வந்து அஜீஸாவுக்குப் போன் போட்டார். வண்டுகளை வைத்து ஜெயித்ததைச் சொன்னதும் அந்தம்மா, கோயம்புத்தூரில் எத்தனை நாள் என்று கேட்டாராம். இரண்டு நாள் என்றார் பாய்.

"அப்ப நானும் வாரேன். தங்கச்சி ஊட்ல இருந்துக்கறேன். ஒங்க வண்டுங்களோட லாட்ஜ்ல தங்க என்னால ஆகாது."

திங்கட்கிழமை காலையில் பாய் என் கடைக்கு வந்து, கோயம்புத்தூருக்கு வண்டு மட்டும் போதுமா, வெட்டுக்கிளியைக் கூட்ட வேண்டுமா என்று யோசனை கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். வெட்டுக்கிளி என்று சொல்லி வைத்தேன்.