கரும்புக்குள்ளிருந்து ஒரு கை

“யோவ், வெளியில வர்றியா, நான் உள்ள வரட்டா?”

கரும்பு அசைந்தது. அங்கம்மாள் வரப்பிலேயே நின்றாள். மூன்று நாளாக அவள் புருஷன் எல்லப்பன் இந்தக் கரும்புக்குள்தான் இருந்தான். சோறு கொண்டுவந்து வைத்தால் எடுத்துக்கொள்வான். ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கண்டால் உள்ளே போய்விடுவான்.

அங்கம்மாளுக்கு நாற்பது வயது. உத்திரமேரூரைச் சுற்றி எங்கே நடவென்றாலும் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு முன்னால் நடப்பவள். ஆறு மாதமாகத் தூரமில்லாத நாளிலும் ரத்தம் பட்டது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிச் சோதித்து, கர்ப்பப்பை வாயில் புற்று என்றார்கள். ஆரம்பம்தான். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். மேலாக இருந்தால் வாயை மட்டும் செதுக்கி எடுக்கலாம். இது கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கிறது. பையோடு சுற்றியுள்ளதையும் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்துப் பரவிவிட்டால் கத்தி உதவாது, கதிர் பாய்ச்சிக் கரண்டு வைப்பதுதான் வழி, அதுவும் கேட்குமோ கேட்காதோ. மூன்று பிள்ளைகள் போதும், எடுத்துவிடுங்கள் என்று அங்கம்மாள் அங்கேயே சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னது செல்லவில்லை. நர்ஸ் மேரி ஒரு சம்மதக் காகிதத்தைக் கொடுத்து, புருஷன் கைரேகை வேண்டும் என்றாள். பை போனால் பிள்ளை கிடையாது. நாளைக்கு அவர் வந்து சண்டை போட்டால் யார் பதில் சொல்வது? வெள்ளிக்கிழமை வராவிட்டால் கட்டில் அடுத்தவளுக்கு. மறுபடி கிடைக்க இரண்டு மாதமாகும்.

அது எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சி. ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் தாண்டவராயன் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். வாலாஜாபாத் சந்தையில் நாலு பேரை ஜீப்பில் ஏற்றிப் போனதாக எல்லப்பன் சொன்னான். எந்த நாலு பேர் என்று கேட்டால் தெரியாது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ரேகை வைத்தால் ஜீப் தனக்கு வரும் என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமில்லை.

இன்று வியாழன்.

“ஆபரேசன் உனுக்குத்தானே?” என்றான் உள்ளிருந்து.

“எனுக்குத்தான்.”

“அப்ப உன் ரேகையை வெச்சிக்கோ. என்னுது இன்னாத்துக்கு?”

மேரியிடம் அவளும் இதையேதான் கேட்டிருந்தாள்.

“நான் செத்து என்னைத் தூக்கறப்ப நீ வெளியில வந்துதானே ஆவணும்? அப்ப வந்து புடிச்சிக்கட்டும் ஜீப்பு.”

உள்ளே சரசரப்பு வரப்பை நோக்கி வந்தது.

“கர்ணம் கீறாரா?”

“நானும் ரெண்டு கொக்கும்தான் கீறோம்.”

தோகைகளுக்கு நடுவிலிருந்து கை மட்டும் வெளியே வந்தது.

“இது சோத்துக் கை. ஆம்பளைக்கு இடது.”

கை உள்ளே போய் வேறு கை வந்தது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டுவந்திருந்தாள். கட்டைவிரலைத் தோய்த்து, தொடையில் காகிதத்தை வைத்து அழுத்தினாள். கையை விட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து பட்டணம் போனாள். ரேகை சற்றுப் பரவியிருந்தது. மேரி அதை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, புருஷன் எங்கே என்றாள். கரும்பில் என்றாள் அங்கம்மாள். மேரி காகிதத்தை ஃபைலில் வைத்தாள். ஒன்பதாம் எண் கட்டில். சாயங்காலம் எனிமா கொடுத்தார்கள். ஆபரேஷன் சனிக்கிழமை காலை என்றும், அதுவரை எதுவும் சாப்பிடக்கூடாது என்றும் சொன்னார்கள். வரப்பில் அன்று சோறு வைக்க ஆளில்லை. இருட்டுவதற்கு முன் எல்லப்பன் வீட்டுக்கு வந்தான்.