அணைப்பவரின் செலவு

குகநேசன் சார் காலமான செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர் உங்களில் ஒருவர்தான், நண்பர்களே. அவர் குரல் தழுதழுத்தது. அழுகிறாரா, நடிக்கிறாரா என்றுதான் முதலில் யோசித்தேன். கோபிக்காதீர்கள். கண்டியில் மின்திட்டமிடல் பிரிவில் அவரோடு வேலை பார்த்த உங்கள் மூவர் மீதும் எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு.

அது யுத்த காலம். தெல்தெனியவில் நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிய பழைய ஊரின் சுவர்கள் வெளியே தெரிந்த வருடம். மின்சாரம் போதவில்லை. மாலையில் ஆலைகளை நிறுத்துபவர்களுக்குக் கட்டணத்தில் சிறு சலுகை கொடுத்தால், புதிய மின்நிலையமே தேவைப்படாது என்று மேலிடத்தில் கணக்குப் போட்டார்கள். நிறுத்துபவருக்கு வரும் செலவு என்ற இடத்தில் பூச்சியம் போட்டிருந்தார்கள். சார் கையெழுத்திட மறுத்தார். "பூச்சியம் எண்டால் ஆரையோ கேக்கேல்லை எண்டுதான் அர்த்தம்" என்றார்.

தானே கேட்கப் புறப்பட்டார். அலவத்துகொடவில் அரைக்கும் மில் வைத்திருந்த ஹாஜியாரிடம் என்னையும் அழைத்துப் போனார். "அந்தியில எந்த நேரம் கரண்ட் இல்லாட்டிச் சமாளிப்பீங்கள்? என்ன நட்டம் வரும்?"

ஹாஜியார் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரு எப்ப இருட்டா இருந்தாப் பரவாயில்லன்னு கேக்குறீங்க. இந்தக் காலத்துல கேக்குற கேள்வியா சேர் இது?" பிறகு பதிலும் சொன்னார். "வேல முடிஞ்சி அந்திக்குத்தான் சனம் மா அரைக்க வரும். பூட்டியிருந்தா வேற மில்லுக்குப் போயிரும். போன சனம் திரும்பி வருமா?"

வடக்குத் தமிழர் ஒருவர் ஊர் எப்போது இருட்டாகலாம் என்று விசாரித்துத் திரிகிறார் என்ற சந்தேகத்தில், அடுத்த வாரம் சாரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. ஹாஜியார்தான் காட்டிக்கொடுத்தார் என்று அடித்துச் சொன்னேன். ஆனால் பொலிஸ் நிலையத்தில் அவருக்காகப் பேச வந்து, நாள் முழுக்கக் காத்திருந்தவர் அந்த ஹாஜியார்தான்.

விடுதலையாகி வந்த சார் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மட்டும் ஒருபோதும் கரண்டை நிறுத்தக் கூடாது என்று, தேநீர் வேளையில் அவர் நம் நால்வரிடம் மட்டும் சொல்லியிருந்தார். விசாரணையில் அது தலைகீழாகத் திரும்பி வந்திருந்தது: ஆஸ்பத்திரியை இருட்டாக்கத் திட்டம் போட்டாராம்.

"யாருன்னு தெரிஞ்சிச்சா சார்?"

"தெரியாமலே இருக்கட்டும். தெரிஞ்சால் ஓராளோட தேத்தண்ணி குடிக்கேலாமல் போயிடும்."

ஓய்வு பெறும்வரை நம் எல்லோரோடும் தேநீர் குடித்தார். எனக்கு அந்தப் பெரிய மனது இல்லை. ஒவ்வொரு கோப்பையிலும் உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அம்பிட்டியவில் மரணவீட்டில் நம்மில் ஒருவர் பேசினார். "ஆலை நிறுத்தும் அந்த ஆய்வை ஒரு சதமும் செலவில்லாமல் முடித்துக் கொடுத்தவர்" என்று புகழ்ந்தார். பிறகு சாரின் மனைவியிடம் போய், பொலிஸிலிருந்து வந்தபின் வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"வாசல் லைட்டைப் போட விடமாட்டார், தம்பி. சாகுமட்டும் விடேல்லை. நாங்கள் உள்ளுக்கு இருக்கிறம் எண்டு றோட்டால போறவைக்குத் தெரியக்கூடாதாம்."

நண்பர்களே, சாரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு சந்தேகம்தான். செலவே இல்லை என்று யாராவது சொன்னால், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று தேடுவேன். மரணவீட்டில் அன்று அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்த வாசலில் லைட் எரிந்தது, அவரைத் தூக்கிக்கொண்டு போவதற்காகத்தான்.