சிவப்புத் தோல் குஷன்

என் அக்கா வீட்டுக்காரர் யாருடைய முகத்தையும் முதலில் பார்க்க மாட்டார். அவர்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தைத்தான் பார்ப்பார். பஸ் சீட், தியேட்டர் நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று முப்பது வருடமாகக் குஷன் தைக்கிறவர். எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதே, அக்காவைப் பார்ப்பதற்கு முன் சோபாவைத்தான் தடவிப் பார்த்தார். அக்கா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். ஊரில் அவருக்குப் பெயர் பஞ்சு. நான் அவர் கடையில் துணியும் தோலும் வெட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன்.

இந்த மனுஷன் போய்க் கார் பந்தயத்தில் மாட்டிக்கொண்டது பல் டாக்டரம்மாவால். அவரும் அவர் அண்ணனும் அறுபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கார்களுக்கென்றே வருடத்துக்கு ஒருமுறை ஆறு மணி நேரப் பந்தயம் நடக்கும். ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். அண்ணன் நெடுநெடுவென்று இருப்பார். தங்கை அவர் தோளுக்குக்கூட வர மாட்டார். பழைய காரில் எதையும் மாற்றக் கூடாது என்று விதி. சீட்டை நகர்த்த ஒரு ஓட்டைகூடப் போட முடியாது. அதனால் அண்ணன் இறங்கியதும் சீட்டுக்குள் போட்டு, டாக்டரம்மாவுக்குக் கால் எட்டும்படி செய்ய ஒரு குஷன் தேவைப்பட்டது. அத்தான் காரின் சீட்டுக்குப் பொருத்தமாகச் சிவப்புத் தோலில், பளபளவென்று தைத்துக் கொடுத்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை.

போன வருடப் பந்தயத்துக்கு நாங்களும் போயிருந்தோம். நான்காவது மணி நேரம், டாக்டரம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பாமல் நேராகப் போய் டயர் அடுக்கில் மோதியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. காருக்குத்தான் மூக்கு நசுங்கியது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார். பிரேக்மேல் தப்பு இல்லையென்றால் மிச்சம் அவர் கால்தானே? "பயந்துட்டேன் போல. கால் சரியா மிதிக்கல," என்று டாக்டரம்மா தானே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காரில் ஏறவில்லை.

இந்த வருடம் அண்ணன் மட்டும் கடைக்கு வந்தார். தங்கை பந்தயத்தில் போட்டிருந்த, உடம்பு முழுக்க மூடும் பழைய ஓவராலில் சுற்றிய குஷனை மேஜைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கணும். வேற ஒருத்தரைப் பேசி வெச்சிருக்கேன். அவருக்கு ஏத்த மாதிரி இதைக் கொஞ்சம் மாத்திக் குடுங்க. தங்கச்சி இனிமே ஓட்ட மாட்டேங்கறா."

அவர் போனதும் நான் கத்தரியை எடுத்தேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். குஷனை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உட்காரும் இடத்தில், பின்னாலிருந்து முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் தேய்ந்து மினுங்கியது. ஓவராலின் பின்பக்கத் துணியும் அதே மாதிரி தேய்ந்திருந்தது.

"உக்காந்தா இப்படித் தேயாது மாப்ளே. இது வழுக்கின தடம்."

அப்புறம் என் பாடுதான் திண்டாட்டம். ஓவரால் எனக்குப் பத்தவில்லை. இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். குஷனை ஒரு நாற்காலியில் வைத்து, என்னை உட்கார வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, மூட்டை நிறுக்கும் ஸ்பிரிங் தராசை மாட்டி முன்னால் இழுத்தார். சொய்யென்று வழுக்கிப் போய் என் முழங்கால் மேஜையில் இடித்தது. பஸ் சீட்டுக்குப் போடும் சொரசொரப்பான துணியைக் குஷன்மேல் விரித்து மறுபடி இழுத்தார். இரண்டு மடங்கு இழுத்தும் நான் அசையவில்லை. இதையே ஏழு தடவை செய்தார். டீ குடிக்கக்கூட விடவில்லை.

கடைசியில் தராசைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பிரேக் போட்டதும் பெல்ட்டுக்கு அடியிலேயே வழுக்கியிருக்காங்க. முழங்கால் மடங்கி ஸ்டீரிங்ல முட்டியிருக்கும். அப்புறம் எங்கேர்ந்து மிதிக்கறது? பஸ் சீட்டுக்கு வழவழப்பாப் போடக் கூடாதுன்னு முப்பது வருஷமா எனக்குத் தெரியும். கார் அழகா இருக்கேன்னு மறந்து தொலைச்சுட்டேன்."

நான் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். "யாரும் கேக்கலையே அத்தான். துணியை மாத்திக் குடுத்துட்டுக் கமுக்கமா இருந்துடுவோம். வெளிய தெரிஞ்சா நம்மகிட்ட யாரு சீட் தைக்கக் குடுப்பாங்க?"

"அப்ப அந்தம்மா கால்?" என்றார்.

மறுநாள் குஷன், ஓவரால், கயிறு, தராசு, பஸ் துணி எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எங்களில் யாருக்குப் பல்வலி என்று கேட்டார். அத்தான், தான் தைத்த சாய்வு நாற்காலியிலேயே குஷனை வைத்தார். ஓவராலை மாட்டிக்கொண்டு உட்காரும்படி கெஞ்சினார். டாக்டரம்மா சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். இடுப்பில் கட்டிய கயிற்றை அத்தான் இழுத்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பிறகு அத்தான் பஸ் துணியைப் போட்டு இழுத்தார். டாக்டரம்மா நகரவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார். "அப்ப என் கால்?"

"மிதிக்க இடமே இல்லம்மா. உங்க கால்மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என் தோல்மேலதான்."

மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்று கத்தினார்.

"ஒரு வருஷம்! சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் குனிஞ்சு என் காலையே பாத்துக்கிட்டிருந்தேன், தெரியுமா உங்களுக்கு? வீட்டுல மாடிப்படி இறங்கக்கூட யோசிச்சேன்!"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு போனை எடுத்தார். "அண்ணா, ஃபாரத்துல யார் பேரையாவது எழுதிட்டியா? எழுதியிருந்தா அடிச்சிடு. நான்தான் ஓட்டறேன்."

போனை வைத்துவிட்டு அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பச்சையில் மஞ்சள் கோடு.

"இதைவிட அசிங்கமான கலர் கிடைக்கலையா?"

"இருக்கும்மா. தேடித் தரேன்," என்றார் அத்தான்.

"வேண்டாம். இதையே தைங்க," என்று சொல்லிவிட்டு, குனிந்து காலைப் பார்க்காமல், அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.