துரைக்குக் காய்ச்சல் இல்லை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால்தான் அந்தப் பெரிய பொய்யைச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

கடலாடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். மெதடிஸ்ட் மிஷனின் வெள்ளைக்கார ஊழியர் ஒருவர் அங்கே இருந்தார். ஊருக்கு அவர் துரை. எங்கள் அய்யா அவருக்கு மாட்டுவண்டி ஓட்டினார், சித்தப்பா சமைத்தார். அவர் பொறுப்பிலிருந்த சபை வட்டாரமான சேகரத்துக்குட்பட்ட பதினோரு ஊர்களுக்கும் துரை மாதம் ஒரு முறையாவது போய் ஆராதனை நடத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவருக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து உடம்பைத் தூக்கிப் போடும். அய்யா பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிடுவார். காய்ச்சலுக்கு ஒதுங்குவது ஊழியத்துக்கு இழுக்கு என்பது துரையின் எண்ணம். போர்வைக்குள் கிடந்தபடி, "யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்பார்.

துரை வராத ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். மதுரையிலிருந்து கமிட்டி விசாரணைக்கு வருகிறது என்று தாக்கல் வந்தது.

அய்யாவுக்குக் கமிட்டியைத் தெரியாது. உப்பளத்தைத் தெரியும். அங்கே வேலை பார்த்தவர்.

"ஏலே, காய்ச்சல்னு சொன்னவனுக்கு மறுநா அங்கன வேலை இருந்துச்சா? துரைக்கு மட்டும் இருக்குமாக்கும்? யாரு கேட்டாலும் ஆளு குத்துக்கல்லு மாதிரி இருக்காருன்னு சொல்லணும்" என்றார்.

சித்தப்பா கொயினா மாத்திரைச் சீசாவைக் கோழிக்கூடைக்குள் ஒளித்துவைத்தார். "இனிமே நம்ம கோழிக்குக் காய்ச்சலே வராது" என்றாள் அம்மா.

ஒரு வெள்ளைக்கார டாக்டரும் வயதான தமிழ்ப் போதகர் ஒருவரும் வந்தார்கள். அன்று குளிர் வராத நாள். துரை சவரம் செய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சுகமாயிருப்பதாகச் சொல்லிவிட்டார். போதகர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ படிக்கிற பிள்ளை. உள்ளதைச் சொல்லு. துரைக்குக் காய்ச்சல் வருதா?"

"இல்லீங்க. நேத்துக்கூட கிணத்துல தண்ணி இறைச்சாரு."

"குளிருதுன்னு போர்வை கேப்பாரா?"

"போர்வையா? சட்டையைக் கழட்டிட்டுத்தாங்க தூங்குவாரு."

வாசலில் சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி. ஒரு தடவைகூடவா வரலை?"

"ஒரு தடவைகூட இல்லீங்க."

டாக்டர் ஏதோ எழுதி நோட்டை மூடினார். அன்று சாயங்காலம் அய்யா எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கி வந்தார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லாதிருந்தும் கடமை தவறினார் என்று துரையைச் சீமைக்கே திருப்பி அழைத்திருந்தார்கள். ராமநாதபுரம் ரயிலடி வரை எங்கள் வண்டிதான். அன்று குளிர் வரும் நாள். பாதி வழியில் போர்வையை எடுத்து நான்தான் போர்த்திவிட்டேன். "நன்றாகப் படி" என்றார், பல் கிட்டிக்க.

பிறகு நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அதே போதகரைப் பார்த்தேன். என்னை அவர் மறக்கவில்லை.

"காய்ச்சல்னு யார் வாயிலிருந்தாவது ஒரு வார்த்தை வந்திருந்தா, ஆறு மாசம் கொடைக்கானல்ல வச்சுத் தேத்தி உங்க ஊருக்கே அனுப்பியிருப்போம் தம்பி. டாக்டரைக் கூட்டிட்டு வந்ததே அதுக்குத்தான்."

அன்று மூன்றாம் தடவை கேட்டபோது அவர் குரல் கெஞ்சுவதுபோல் இறங்கியிருந்தது. ஆள் தோற்றுப்போனார் என்று நினைத்து, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.