நிரோஷா தள்ளிப்போட்ட புது விண்டோஸ்

நிரோஷாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அவளிடம் விடப்பட்டிருந்த மூன்று வயதுப் பிள்ளைகளுக்கே அது தெரியும். அப்படிப்பட்டவள் தன் ஆயுளில் ஒரேயொரு பெரிய பொய் சொன்னாள். அதைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில் மாவனல்லையில் சனிக்கிழமை தோறும் இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்று நடந்தது. பாடம் எடுத்தது நிரோஷா. இறப்பர்த் தோட்டத்திலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போய்வருவாள். அதே பஸ்ஸில் அதே தோட்டத்திலிருந்து கஜேந்திரன் என்றொரு மாணவன் வந்தான். டீச்சரை விட ஆறு வயது மூத்தவன் என்பதால் டீச்சர் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். பின்னால் அந்த அண்ணேயை விழுங்குவதற்கு அவள் பட்ட சிரமம் வேறு கதை.

கஜேந்திரன் தோட்டத்து இறப்பர்த் தொழிற்சாலையில் வேலை செய்தவன். இருபத்திரண்டு வயதில், பால் கட்டியைத் தகடாக நசுக்குகிற றோலரில் இடது கை விரல்கள் நான்கு போய்விட்டன. அன்றிலிருந்து அந்தக் கை காற்சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததில்லை. அங்கவீனருக்கு உதவி கொடுக்கிறோம், வரிசையில் நில்லுங்கள் என்று ஒருமுறை யாரோ சொல்லப்போக, அவன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டான். ரோசக்காரன்.

வகுப்பில் அவன் அடித்த தமிழ், பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பல எழுத்துகளுக்கு ஷிப்ட் பொத்தானை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்ட வேண்டும். அந்த எழுத்துகளை எல்லாம் அவன் விட்டுவிட்டு அடித்தான். நிரோஷா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே யோசனைதான். கம்ப்யூட்டரின் உதவிப் பக்கங்களைப் புரட்டித் தேடியதில் வழி இருந்தது. ஷிப்ட் பொத்தானை ஐந்து தரம் தொடர்ந்து தட்டினால் ஒரு பெட்டி எழும்பும். அதில் சரி என்று கொடுத்துவிட்டால் அப்புறம் ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு தட்டு, விட்டுவிட்டு அடுத்த பொத்தானில் ஒரு தட்டு, போதும்.

அடுத்த சனிக்கிழமை தேத்தண்ணி இடைவேளையில் அவனுடைய மெசினில் அதைச் செய்துவைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தவன் விடுபட்ட எழுத்துகள் எல்லாம் வருவதைப் பார்த்துத் திகைத்து, இது என்ன டீச்சர் என்று கேட்டான். கை இல்லாதவர்களுக்கென்று வைத்திருக்கிற வசதி என்று உண்மையைச் சொன்னால் இவன் எழும்பிப் போய்விடுவான், திரும்ப வரமாட்டான். நிரோஷாவுக்கு அது அந்த நிமிஷமே தெரிந்தது. அவன் வராத சனிக்கிழமையை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“உங்களுக்குன்னு நான்தான் செஞ்சு போட்டேன்,” என்றாள். “யாருகிட்டயும் சொல்லிக்காதீங்க.”

காது சிவந்ததை அவன் வேறுவிதமாக எடுத்துக்கொண்டான். அடுத்த தை மாதம் கல்யாணம்.

வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு விண்டோஸ். நிரோஷா அவனைச் சீனி வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டு ஐந்து தரம் தட்டி வைத்தாள். கேட்டதற்கு, பிளாப்பியில் கொண்டுவந்து போட்டேன் என்றாள். கஜேந்திரன் முன் அறையிலேயே டைப் செய்யும் இடம் போட்டான். அடையாள அட்டை, சேமலாப நிதி, ஸ்கூல் லீவு என்று நாலு தோட்டத்துக் கடிதமும் அவன் ஒற்றைக் கையால்தான் அச்சேறியது. எங்க வீட்டம்மா செஞ்ச மெசின் என்று அவன் வருகிறவர்களிடம் பெருமையடிப்பான். உள்ளே நிரோஷா ஒவ்வொரு தரமும் வெந்துபோவாள்.

காலம் மாறியது. மாவனல்லையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற றஊப், பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதுசு போடலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். நிரோஷா உடனே பேச்சை மாற்றுவாள். றஊப் வாய் திறந்தால் மூடாத மனிதர். இது எல்லா மெசினிலும் இருப்பதுதானே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். கஜேந்திரன் முகம் எப்படிப் போகும் என்று அவளால் யோசிக்க முடியவில்லை. ஆடியில் புதுசாக எதுவும் தொடங்கக் கூடாது என்றாள். ஆடி போனால் மழை, மின்னல். பிறகு மகளுக்கு ஒரு வயது முடியட்டும் என்றாள். அப்புறம் மார்கழி. கஜேந்திரன் ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. நீ சொன்னா சரி என்று உடனே விட்டுவிடுவான். தன் நல்ல காலம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மூக்கையா ஒரு பென் டிரைவோடு வந்தார். மகளின் வேலைக்கான விண்ணப்பம் அதில் இருந்தது. பழைய மெசின் அதைத் திறக்க மறுத்துவிட்டது. மூக்கையா அரை நாள் பேரையும் அதற்கான கூலியையும் இழந்து, மழையில் நனைந்து மாவனல்லைக்குப் போனார். அன்று மாலை கஜேந்திரன், இனியும் தள்ளிப்போட ஏலாது என்று மட்டும் சொன்னான். மூக்கையாவின் நனைந்த முதுகை நிரோஷாவும் பார்த்திருந்தாள். தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை றஊப் வந்தார். மத்தியானம் வரைக்கும் நிரோஷா அடுப்படிக்கும் முன் அறைக்குமாக நடந்தாள். வேலை முடிந்ததும் கணவனை எதற்காவது வெளியே அனுப்பிவிட்டுத் தட்டி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். றஊப் கை கழுவ வெளியே தண்ணீர்ப் பீலிக்குப் போன நேரம் பார்த்துத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு வந்தாள். கஜேந்திரன் அதற்குள் கதிரையில் உட்கார்ந்திருந்தான்.

அவள் கண் முன்னாலேயே அவன் வலது கைச் சுண்டுவிரல் ஷிப்ட் பொத்தானைத் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பெட்டி எழும்பியது. சரி என்று கொடுத்தான். நேற்றும் முந்தாநாளும் செய்த வேலை போல இருந்தது.

“இந்த மெசினுக்கும் நீங்கதான் செஞ்சு போட்டீங்களா டீச்சர்?” என்றான், திரும்பாமல்.

எப்போதிலிருந்து தெரியும் என்று நிரோஷா கேட்டாள்.

ரெண்டு வருஷமாகத் தெரியும் என்றான். றஊப்பின் கடையில் ஒரு நாள் கடிதம் அடிக்கப்போய், ஷிப்ட் வீட்டு மெசின் மாதிரி ஒட்டி நிற்கவில்லை என்ற கோபத்தில் படபடவென்று தட்டினானாம். பெட்டி வந்ததாம், இது எல்லா மெசினிலும் இருப்பதுதான் என்று அப்போது விளங்கியதாம். முதலில் மனசு விட்டுப்போய் கடை வாசலிலேயே நின்றிருக்கிறான். பஸ் வருவதற்குள் அது சரியாகிவிட்டதாம்.

“பின்ன ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வெக்கப்படுவ. புதுசு போட்டா மாட்டிக்குவோம்னு பயந்துதானே ஆடி மார்கழின்னு சொன்ன? அதான் நானும் விட்டுட்டேன்.” இப்போதுதான் திரும்பினான். “அது எல்லா மெசின்லயும் இருந்துட்டுப் போகட்டும். என் கையப் பாத்துட்டு, ஒரு வார்த்த கேக்காம, அத எனக்காகத் தேடிப் புடிச்சவ நீ ஒருத்திதான்.”

நிரோஷா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தாள். ஐந்து வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் ஒரேயடியாக அழுகையாக வந்தது.

சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஓடிவந்த றஊப்புக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அழ வாணாம் தங்கச்சி,” என்றார். “பழைய பைல் எல்லாம் பத்திரமா ஈக்கிது. ஒண்டும் போகல்ல.”