பதினேழாம் வட்டம்

படத்தில் இருப்பதிலேயே பளிச்சென்று தெரியும் கேலக்ஸியைக் கட்டைவிரலால் மூடிவிட்டுத்தான் அண்ணி பார்க்கவே தொடங்குவார். படம் தாளில் இருக்கும், அதுவும் தலைகீழாக. நிறமும் நெகட்டிவ்போல மாறியிருக்கும்: வானம் வெள்ளை, கேலக்ஸிகள் கறுப்பு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கு உரசும் தூரத்துக்குக் கொண்டுவந்து ஏழெட்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு தாளிடம், "வெளிய வாடா, நீ அங்கதான் இருக்கேன்னு தெரியும்" என்பார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. ஐம்பத்திரண்டு வயது. ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் வானியல் துறையில், இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே அவர் மேசை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுக்க வந்தவர், தட்டச்சு செய்ததையெல்லாம் படித்தும் தொலைத்தார். அதன் பலன் இந்த வேலை. பதவியின் பெயர் இன்றைக்கும் 'உதவியாளர், நிலை இரண்டு'தான். மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வட்டக்கா'. வாரம் ஒருவரின் வேலையைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுத ஆள் கிடைக்காமல் லிஃப்ட் இயக்குபவர், பல்செட் செய்பவர் என்று நான் ஊரெல்லாம் அலைந்துகொண்டிருக்க, வாரத்தில் மூன்று நாள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கண்ணில் படவேயில்லை. நாத்தனார் கண் அப்படி.

அந்த வட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெகு தூரத்தில் சில கேலக்ஸிகள் வெறிபிடித்தாற்போல நட்சத்திரங்களைப் பெற்றுத்தள்ளுகின்றன. ஆனால் அவற்றைச் சுற்றி ஒரே தூசி. நட்சத்திர வெளிச்சத்தை அந்தத் தூசி விழுங்கிவிட்டு, தான் சூடாகி, நம் கண்ணுக்குத் தெரியாத வகையில் ஒளிர்கிறது. அந்த ஒளியைப் பிடிக்கும் பெரிய தட்டுத் தொலைநோக்கிக்குப் பார்வை மங்கல். 'இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது' என்பதோடு அது கையைக் கழுவிவிடும். அதே இடத்தை அகச்சிவப்பில் படம் எடுத்தால் வட்டத்துக்குள் ஆறு கேலக்ஸி, ஏழு கேலக்ஸி என்று நிற்கும். அடுக்குமாடியில் யார் வீட்டிலோ பால் அடிப்பிடித்த வாடை வருகிறது; எந்த மாடி என்று தெரிகிறது, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. கதவைக் காட்டுவதுதான் அண்ணியின் வேலை. ரேடியோ தொலைநோக்கி எடுத்த படம் ஒன்று கைவசம் இருக்கும். அதில் அந்தத் தூசிக்காரன் இருக்கும் இடம் ஊசிமுனையாக ஒரு புள்ளியாய்த் தெரியும். அதையும் அகச்சிவப்புப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பார்.

"பளபளன்னு இருக்கறவன்மேல முதல்ல சந்தேகப்படணும்" என்பது அவர் கொள்கை. "தூசியில புரள்றவன் எப்படிப் பளபளன்னு இருப்பான்? உங்க அண்ணன் பஸ் ஓட்டிட்டு வந்து நிக்கறப்ப பாத்திருக்கேல்ல?"

தலைகீழாகப் பார்ப்பதற்கும் காரணம் வைத்திருக்கிறார். நேராகப் பார்த்தால் போன வாரம் பார்த்தது நினைவுக்கு வந்து, கண் பார்க்குமுன் மனசு முடிவுகட்டிவிடுமாம். மற்றவர்கள் என்ன தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கமாட்டார். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்தப் படத்தை இரண்டு வாரம் தொடமாட்டார். இப்படித் தாள் தாளாகச் சேர்ந்து, வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவு, சாப்பாட்டு மேசை, தையல் மெஷின்மேல் என்று எங்கே பார்த்தாலும் வானம். அண்ணியின் மகள் ஒருமுறை அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் கணக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு போனாள். 'கறை படாத தாளில் எழுதவும்' என்று ஆசிரியை சிவப்பு மையில் குறிப்பு எழுதி அனுப்பினார். அதைப் பார்த்து அண்ணி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

அண்ணன் பஸ் ஓட்டுநர். "தட்டு வைக்க இடமில்லடி மேசையில" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருபது வருடமாக மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்.

நான் குறிப்புப் புத்தகத்தோடு அண்ணியின் மேசைக்குப் போனது ஒரு புதன்கிழமை காலை. அன்றைக்கு அவருக்குத் தலைபோகிற வேலை. அவர்கள் துறைக்குப் பெரிய தொலைநோக்கி ஒன்றில் ஒரே ஓர் இரவு கிடைத்திருந்தது. அதற்கு மெல்லிய உலோகத் தகடு ஒன்று தேவை. எந்தெந்த கேலக்ஸியின் ஒளி வேண்டுமோ அந்தந்த இடத்தில் தலைமுடி போன்ற மெல்லிய, நீளவாட்டுத் துளைகளை அதில் வெட்டுவார்கள். வெட்டியது வெட்டியதுதான், மாற்ற முடியாது. முப்பது துளைகளுக்கான இடங்களை மறுநாள் நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

இருபத்தொன்பதில் சிக்கல் இல்லை. பதினேழாம் எண் மட்டும் ஆரம்பத்திலிருந்தே அண்ணிக்கு உறுத்தல். அதன் வட்டத்தில் ஒரு கேலக்ஸி ஜம்மென்று நின்றது. தூசியின் சாயலே இல்லாத சுத்தமான கேலக்ஸி. ஆனால் ரேடியோ புள்ளி சரியாக அதன்மேல்தான் விழுந்தது. இவ்வளவு சுத்தமான ஒன்றிலிருந்து இவ்வளவு தூசி ஒளி எப்படி வருகிறது என்று, அண்ணியிடம் வேலை பழகிய மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தாள். பலர் பாராட்டிய அத்தியாயம் அது. அதைக் காட்டித்தான் அவளுக்கு இன்னோர் ஊரில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்தது. இப்போது அந்தச் சுத்தமான கேலக்ஸிமேல் ஒரு துளை போட்டு, அவள் எழுதியதற்கு முத்திரை குத்திவிடலாம் என்பது துறைத் தலைவரின் எண்ணம்.

அண்ணி பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அகச்சிவப்புப் படத்தையும், போன மாதம் வந்த புதுப் படத்தையும் கணினியில் மாற்றி மாற்றி ஓடவிட்டார். பழையது, புதியது, பழையது, புதியது. எனக்குக் கொட்டாவி வந்தது. எதுவுமே அசையவில்லை. வட்டங்களை விட்டுவிட்டு அண்ணி படத்தின் மூலைக்குப் போனார். அங்கே ஒரே ஒரு நட்சத்திரம், ஒன்றே ஒன்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தத்தித் தத்திக் குதித்தது.

"ஏய்!"

அண்ணி எழுந்த வேகத்தில் சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் உருண்டுபோய்த் தொட்டியில் இடித்தது. "நடந்திருக்கான்! பன்னெண்டு வருஷமா நடந்துட்டே இருந்திருக்கான்! அய்யோ, நான் ஒரு மடச்சி!"

"யாரு அண்ணி? எங்க நடந்தான்?"

"இரு, இரு. துணியை அளவு காகிதத்துமேல வெச்சுக் குண்டூசி குத்துவோம்ல, அந்த மாதிரி ஒரு படத்தை இன்னொரு படத்தோட நட்சத்திரத்தை வெச்சுக் குத்தணும். இந்த மூலையில ஊசி குத்த மூணே மூணு நட்சத்திரம்தான் இருந்துச்சு. அதுல ஒருத்தன் நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கறவன். கிட்ட இருக்கறதால அவன் நகர்றது தெரியுது. ரேடியோ படம் எடுத்து ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் நாம அந்தப் பழைய அகச்சிவப்புப் படத்தையே எடுத்தோம். அதுக்குள்ள அவன் இடம் மாறிட்டான். மாறினவன்மேல ஊசியைக் குத்தினா? மூலை மொத்தமும் இழுத்துக்கும்!"

"அந்த ஊசியைக் குத்தினது யாரு?"

"நான்தான்! நானேதான்!"

அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லாட்டரி விழுந்தவர்களுக்குக்கூட அப்படிப் பூரிக்காது. எங்கள் வீட்டு ஆட்கள் தப்பை ஒப்புக்கொள்கிற ரகமில்லை. சைக்கிளைக் கொண்டுபோய் மதிலில் முட்டியதற்கு என் அண்ணன் இன்றுவரை மதிலைத்தான் திட்டுகிறார். இவரானால் தன் தப்பைக் கண்டுபிடித்துவிட்டுச் சின்னப் பிள்ளையைப்போலக் கைகொட்டிக் குதிக்கிறார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. என்ன ஏது என்று முழுதாகப் புரியாமலே நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த நட்சத்திரத்தை நீக்கிவிட்டு, மற்ற இரண்டோடு, பழைய படத்தில் தெரியாமல் புதுப் படத்தில் தெரிந்த சிலவற்றைச் சேர்த்து, ரேடியோ படத்தை மறுபடியும் பொருத்தினார். முக்கால் மணி நேரம் ஆனது. பதினேழாம் வட்டம் தேநீர்க் கோப்பையின் வாயளவுக்குத் தாளில் அச்சாகி வந்தது. ரேடியோ புள்ளி அரை சென்டிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. சுத்தமான கேலக்ஸிக்குப் பக்கத்தில், நான் தாளின் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப்போன ஒரு திட்டின்மேல்.

"துடைக்காத!" என்று என் கையைத் தட்டிவிட்டார் அண்ணி.

தலைவர் வந்தார். நல்ல மனிதர், நிதானமானவர். தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். "மேடம், ரெண்டையும் ஒரே துளைக்குள்ள கொண்டுவர முடியாதா?"

"துளை எல்லாம் ஒரே திசையிலதான் வெட்ட முடியும் சார். இதுங்க ரெண்டும் குறுக்கால நிக்குதுங்க. ஒண்ணுதான் எடுக்கலாம்."

"அந்த நல்ல கேலக்ஸின்னா கண்டிப்பா ஏதாவது வரும். இந்தத் திட்டுல ஒண்ணுமே வரலைன்னா?"

"என் தலையில போடுங்க."

"வந்துச்சுன்னா அந்தப் பொண்ணோட அத்தியாயம் போயிடுமே."

அண்ணி குதித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். தாளை மேசைமேல் வைத்து அதன் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். அவருடைய ஊசி ஒன்று அந்தப் பெண்ணின் ஆறு வருட ஆய்வில் குத்தியிருப்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. "ஆமா, போயிடும்" என்றார். "அவகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா இப்ப வேணாம் சார். உறுதியாகாம ஒருத்தி தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. திட்டுமேல துளை போடுங்க."

வியாழக்கிழமை மூன்று ஐம்பதுக்கு இடங்கள் போய்ச் சேர்ந்தன.

பிறகு ஆறு வாரம் காத்திருப்பு. அந்த ஆறு வாரமும் அண்ணி கால் தரையில் பாவாமல் திரிந்தார். முட்டையில் இரண்டு தடவை உப்புப் போட்டார். துவைத்த துணியையே மறுபடி துவைத்தார். ஒருநாள் அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறி, இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டார். "கண்டக்டர் மூணு தடவ கூப்பிட்டான்" என்று அண்ணன் வந்து முறையிட்டார். "இவ ஜன்னலைப் பாத்து, 'நீதானா, நீதானா'ன்னு கேட்டுட்டு உக்காந்திருக்கா. பஸ்ஸுல எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க." சந்தோஷத்தில் பாதி பயமும் கலந்திருந்தது என்பது, மாணவியின் பெயர் பேச்சில் வரும்போதெல்லாம் அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவதிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. "வந்துடுச்சு. நீ வர்றவரைக்கும் திறக்கமாட்டேன். ஆட்டோ பிடிச்சு ஓடி வா." கட்டுரையை எழுதி முடிக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிப் போனேன்.

முப்பது துளைகளின் ஒளியும் முப்பது பட்டைகளாகத் திரையில் இறங்கின. மணலைத் தூவியது போன்ற சாம்பல் நிறம். அண்ணி பதினேழை நேரே போய்ப் பார்க்கவில்லை. முதல் பட்டையிலிருந்து வரிசையாக வந்தார். பதினான்கு, பதினைந்து. பதினாறில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதினேழில் மணலுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. பக்கத்தில் மங்கலாக இன்னொன்று. அண்ணி இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார், ஒரு தாளில் வகுத்தார், அடித்துவிட்டு மறுபடி வகுத்தார். "ஹைட்ரஜன்" என்றார். "பக்கத்துல நைட்ரஜன். நட்சத்திரம் பெத்துத்தள்றவன்கிட்டதான் இப்படி ஜோடியா வரும். இவன்தான். இவனேதான்டி!" அந்தத் திட்டிலிருந்து ஒளி கிளம்பி ஆயிரத்து நூறு கோடி வருடம் ஆகிறதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு அழுக்குத் திட்டுக்காக நான் அழுவேன் என்று யாராவது போன மாதம் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், தேநீர்க் கோப்பை கழுவ வந்தவர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். தலைவர் அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டம் கலையும்முன்னே அண்ணி மேசையிலிருந்த தொலைபேசியை இழுத்து, எண்ணைப் பார்க்காமலே அழுத்தினார். ரிசீவரிலிருந்து வந்த குரல் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"சொல்லுங்கக்கா. கிளாஸுக்குக் கிளம்பிட்டிருக்கேன்."

"உக்காந்துக்கம்மா. உன் பதினேழு இருக்கே, அது அவன் இல்ல. படத்தை நான் தப்பாப் பொருத்தியிருக்கேன். ஒரு நட்சத்திரம் நகர்ந்ததைப் பாக்காம விட்டுட்டேன். உன்மேல ஒரு குத்தமும் இல்ல, மொத்தமும் என்னோடது. அத நானே எல்லாருக்கும் எழுதறேன். உன் அத்தியாயம்..." அண்ணி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "மன்னிச்சுக்கம்மா."

அண்ணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா" என்றது குரல். "அப்ப யாரு அவன்?"

அண்ணி கண்ணைத் திறந்தார். "பக்கத்துல ஒரு திட்டு. உனக்கும் எனக்கும் அத்தனை வருஷமா கண்ணுலயே படல. ஹைட்ரஜன் வந்திருக்கு, நைட்ரஜன் வந்திருக்கு. ஆயிரத்து நூறு கோடி வருஷம்!"

"அய்யோ! நெஜமாவா? தெளிவாத் தெரியுதா?"

"தெரியுதாவா? இந்தா, நீயே பாரு" என்று அண்ணி, சுருள் கம்பி முழு நீளத்துக்கும் இழுபட, ரிசீவரைத் திருப்பித் திரையின் அருகே, அந்த வெள்ளைப் பொட்டுக்கு நேராகப் பிடித்தார்.